எச்சிலும் ஏடும்

பெற்றவளைத் தேடும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது ஒரு கோப்பு: தாயின் பெயர், ஊர், பிறந்த தேதி, ஒரு கைநாட்டு. இலங்கையிலிருந்து தத்துப்போன பலருக்கு அந்தக் கோப்பே பொய்யாகிப்போனது. ஐரோப்பாவுக்குச் சென்ற குழந்தைகள் சுமார் 11,000. அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் நெதர்லாந்துக்கு. பெற்றவள்போல் வந்து நிற்கக் கூலிக்குப் பெண்கள் அமர்த்தப்பட்டதை 2017இல் டச்சுத் தொலைக்காட்சியின் ‘ஸெம்ப்ளா’ வெளிக்கொண்டு வந்தது. விற்பதற்காகவே குழந்தை பெறவைத்த ‘குழந்தைப் பண்ணைகள்’ இருந்ததை அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே ஒப்புக்கொண்டார். மரபணு வங்கி அமைப்போம் என்றார். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது.

ஏடு கைவிட்டவர்கள் எச்சிலை நம்பத் தொடங்கியது கோப்புகள் இப்படிப் பொய்த்ததால்தான். முறை எளிது. அரைமணி நேரம் எதுவும் தின்னாமல் குடிக்காமல் இருந்து, சிறு குழாயில் கோடு வரை துப்பி, மூடித் தபாலில் போட வேண்டும். ஆய்வகம் மரபணுவில் பல லட்சம் இடங்களைப் படித்து, ஏற்கெனவே துப்பியவர்களோடு ஒப்பிட்டு, சொந்தக்காரர் பட்டியலைத் தரும்.

சரிபார்ப்பதில் இந்தச் சோதனையை மிஞ்ச ஒன்றுமில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் மரபணுவில் பாதி பொது. கோப்பில் இருந்த பெண்ணைக் கண்டுபிடித்து, கட்டிக்கொண்டு அழுது, பிறகு சோதித்ததில் உறவே இல்லை என்று அறிந்தவர்கள் உண்டு. கொடுமைதான், ஆனால் அது தெரியாவிட்டால் தேடல் பொய்யிலேயே முடிந்திருக்கும். ஒரே வயிற்றில் பிறந்து வெவ்வேறு நாடுகளுக்குப் போன பிள்ளைகளையும் இந்தச் சோதனை சேர்த்துவைக்கும். ஏனென்றால் இருவருமே குழாய் விற்கும் நாட்டில் வாழ்பவர்கள்.

தேடுவதில்தான் கோளாறு. பட்டியலில் இருப்பவர்கள் காசு கொடுத்துத் துப்பியவர்கள் மட்டுமே. இலங்கை மலையகத் தோட்டத்தில் பிள்ளையைக் கொடுத்த ஒரு தாயை எண்ணிப்பாருங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் இந்தியா ஏற்க இசைந்தது 5,25,000 பேரை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கூடலூர், கோத்தகிரித் தேயிலைக்குப் போனவர்களில் அவளும் ஒருத்தியாக இருக்கலாம். அவள் எந்தக் குழாயிலும் துப்பியதில்லை. பிள்ளைக்குக் கிடைப்பது டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு தூரத்துச் சொந்தம்.

அந்தத் தூரக்கணக்கும் நம்மவர்களிடம் பிசகும். மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டிய குடும்பங்களில் பொது மரபணு கூடுதல். எட்டி நிற்பவர்கூடக் கிட்டத்துச் சொந்தமாகத் தெரிவார். அத்தை மகளும் சித்தி மகளும் சோதனைக்கு ஒன்றுதான். இருவருக்கும் எட்டில் ஒரு பங்கு. நமக்கோ ஒருத்தி முறைப்பெண், மற்றவள் தங்கை.

பெற்றவளின் பக்கமும் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் பெற்றதை யாரிடமும் சொல்லாமல் பேரன் பேத்தி எடுத்தவளாக இருக்கலாம். இந்தியாவின் 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைப்படி, 18 வயது நிறைந்தவர் தன் பிறப்பு மூலத்தைத் தேடத் தானே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒப்படைத்த தாய் தன் பெயர் வெளிவர வேண்டாமென்று கேட்டிருந்தால், அவள் சம்மதமின்றி அவள் விவரத்தைச் சொல்லக் கூடாது. சட்டம் சாத்திய அந்தக் கதவை, அவள் தம்பி மகன் விளையாட்டாகத் துப்பிய ஒரு குழாய் திறந்துவிடும். துப்பியது யார் கையில் போய்ச் சேரும் என்பதும் உறுதியில்லை. எச்சில் சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது.

குழாயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் நடை, விசாரிப்பு, அப்புறம் எச்சில். தாயகம் திரும்பிய குடும்பங்களுக்குக் குடும்ப அட்டை தரப்பட்டது. கூட வந்தவர்களின் பெயர்கள் அதில் உண்டு. அதில் ஏறாத பிள்ளை ஒன்று இருந்ததா என்பது பெற்றவள் வாய் திறந்தால்தான் தெரியும். சொன்னபின் சரிபார்க்க, கொஞ்சம் எச்சில் போதும்.