வண்ணச் சக்கரமும் இப்னுல் ஹைஸமின் பம்பரமும்

ஓவியக் கல்வியின் முதற்பாடம் பெரும்பாலும் ஒரு வட்டத்திலிருந்தே தொடங்குகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் மூல நிறங்கள். அவற்றை இரண்டிரண்டாகக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா. மேலும் கலந்தால் இடைப்பட்ட ஆறு. ஆகப் பன்னிரண்டு. வட்டத்தில் எதிரெதிரே அமைபவை ஒன்றையொன்று நிறைவு செய்பவை. இப்பாடத்துக்கு இன்று வழங்கும் வடிவத்தைத் தந்தோருள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து ஓவியர் யொஹன்னஸ் இட்டன். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1919 முதல் 1923 வரை கற்பித்த அவர், 1961இல் வெளியிட்ட வண்ணக் கலை பற்றிய நூல் உலகெங்கும் ஓவிய ஆசிரியர்களின் கைந்நூலாயிற்று.

உருவ ஓவியத்தைப் பற்றிய மார்க்க விவாதம் ஓயாத வீடுகளிலிருந்து நம் பிள்ளைகள் கலைக் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். நிறம் என்பது அவர்கள் தயக்கமின்றி நுழையத்தக்க வாயில். அவ்வாயிலில் அவர்களுக்கு முதலில் எது கற்பிக்கப்படுகிறது என்பதை நாம் கவனிக்காமலிருக்க முடியாது.

இட்டனின் நூலில் இரு பகுதிகள் உள்ளன எனலாம். ஒன்று சக்கரம், மற்றொன்று நிறங்களின் முரண்களைப் பற்றிய ஏழு பிரிவுகள். வகுப்பறைகள் பற்றிக்கொண்டது முதலாவதை. நூலின் உயிர் இருப்பதோ இரண்டாவதில்.

சக்கரத்தின் குறையை அறியப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கடையில் வாங்கிய சிவப்பையும் நீலத்தையும் கலந்து பார்க்கும் மாணவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஊதாவன்று, மங்கிய பழுப்பு. தன் கையில்தான் பிழை என்று அவன் எண்ணிக்கொள்கிறான். அச்சகத்தாரோ சிவப்பும் நீலமும் கொண்டு அச்சடிப்பதில்லை. சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மைகளோடு கறுப்பையும் சேர்த்துக்கொள்கின்றனர். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் இயங்குகிறது. ஆக மூல நிறம் என்பது இயற்கையின் மாறா விதியன்று. எதைக் கொண்டு, எந்த முறையில் கலக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எதிர்நிறம் பற்றிய பாடமும் அத்தகையதே. சிவப்பை நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு வெள்ளைத் தாளைப் பார்த்தால் தோன்றுவது சக்கரம் காட்டும் இலைப்பச்சையன்று, நீலங்கலந்த பச்சை. நிறங்களை வட்டமாக வரைந்து காட்டிய நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் பேசியது ஒளிக்கதிர்களின் கலப்பை. அவருடைய வட்டத்தில் இருந்தவை ஏழு. இசையின் சுரங்களோடு பொருத்தவே அவ்வெண்ணை அவர் கொண்டார். ஒளிக்கு வரைந்த வட்டத்தைச் சாயத்துக்கு மாற்றியது பின்வந்தோர் செயல்.

இக்குறைகளுக்கெல்லாம் அடியில் ஒரு பெருங்குறை உண்டு. நிறம் எதிலிருந்து உண்டாகிறது என்று சொல்லச் சக்கரம் முயல்கிறது. நிறம் எவ்வாறு காணப்படுகிறது என்பதை அது தொடுவதில்லை. ஓவியனுக்கு முதலில் வேண்டியது இரண்டாவதன்றோ?

பாரிஸ் நகரின் கோபலின் திரைச்சீலை நெசவாலையில் 1824இல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்ற வேதியியலாளர் ஷெவ்ரல் இவ்வுண்மையைத் தொழிலின் வழியே கண்டார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்டப் பயன்படும் கறுப்பு நூல் வலுவற்றுத் தெரிகிறது என்று அவரிடம் முறையிட்டனர். வேறிடங்களில் சாயமேற்றிய கறுப்பு நூலோடு அதை அவர் ஒப்பிட்டார். சாயத்தில் குறையில்லை. அண்டையிலிருந்த நீலமே கறுப்பின் தோற்றத்தைக் கெடுத்தது. அதன் விளைவாக அவர் எழுதிய நூல் 1839இல் வெளிவந்தது. இட்டனின் முரண் பிரிவுகளுக்கு இதுவும் ஓர் ஊற்று. 1963இல் வெளிவந்த ஜோசஃப் ஆல்பர்ஸின் நூல் சக்கரத்தை முன்னிறுத்தாமல், வண்ணத் தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கும் பயிற்சியிலிருந்தே தொடங்குகிறது. எம் மதிப்பீட்டில் தொடக்க மாணவருக்கு இட்டனைவிட ஆல்பர்ஸே நல்லாசிரியர்.

ஷெவ்ரலுக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் இதே செய்தியைச் சோதனையோடு எழுதியவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைஸம் (ஹிஜ்ரி 354 - 430, கி.பி. 965 - 1040). ஏழு பாகங்கள் கொண்ட அவரது 'கிதாபுல் மனாழிர்' பார்வையின் பிழைகளையும் நிபந்தனைகளையும் ஆராயும் நூல். ஒரே சாயத்தைத் தூய வெள்ளைப் பரப்பில் புள்ளிகளாக இட்டால் அது இருண்டு தோன்றுவதையும், கரிய பரப்பில் இட்டால் ஒளிர்ந்து தோன்றுவதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். ஒரே பச்சை, கருநீலத்தின் மீது வெளிறியும் தெளிந்த மஞ்சளின் மீது அடர்ந்தும் காணப்படும் என்கிறார். சாயம் மாறவில்லை, அயல் மாறியது. ஆல்பர்ஸின் வகுப்பில் மாணவர் தாள் வெட்டி ஒட்டிச் செய்த பயிற்சி இதுவேயாகும்.

அடுத்து அவர் கையிலெடுப்பது பம்பரம். பல நிறக் கோடுகள் தீட்டிய பம்பரத்தை விரைந்து சுழற்றினால் கண் அந்நிறங்களைத் தனித்தனியே காண்பதில்லை. அவையனைத்தும் கலந்த ஒரு நிறத்தையே காண்கிறது. சுழலும் வட்டின் நிறக்கலப்பை அவருக்கு முன்பே தாலமி குறித்திருந்தார். இப்னுல் ஹைஸம் அதிலிருந்து ஒரு புது முடிவுக்கு வந்தார்: நிறத்தை அறிவதற்குக் காலம் தேவை. எந்த நிறமும் ஓரிடத்தில் போதிய நேரம் தங்காதபோது, இன்ன நிறம் என்று புலன் தீர்மானிக்க இயலுவதில்லை. ஒளியையும் நிறத்தையும் புலன் உணர்வது ஒன்று. அது இன்ன நிறம் என்று மனம் முன்னறிவைக் கொண்டு இனங்காண்பது மற்றொன்று. இரண்டாவதை அவர் 'மஅரிஃபா' என்னும் சொல்லால் குறிக்கிறார். 1850களில் ஸ்காட்லாந்து அறிஞர் மாக்ஸ்வெல், மூன்று நிறங்களின் கலப்பை அளந்து காட்டத் தேர்ந்த கருவியும் வண்ணப் பம்பரமே என்பது சுவையான ஒற்றுமை.

இவ்விடத்தில் நம்மவர்க்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மேடைகளிலும் மலர்களிலும் 'நியூட்டனுக்கு முன்பே வெள்ளொளியைப் பிரித்தவர் இப்னுல் ஹைஸம்' என்று எழுதிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அது உண்மையன்று. வெள்ளொளி பல நிறக்கதிர்களின் தொகுதி என்று அவர் எங்கும் கூறவில்லை. ஒளியும் நிறமும் வேறு வேறு; நிறம் பொருளிலேயே உள்ளது; ஒளியோடு சேர்ந்து அதன் வடிவமும் கண்ணை வந்தடைகிறது என்பதே அவர் கொள்கை. அவருடைய நூலுக்கு விரிவுரையாக 'தன்கீஹுல் மனாழிர்' எழுதிய கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ (மறைவு கி.பி. 1319 அளவில்), மழைத்துளிக்கு மாற்றாக நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைக் கொண்டு, வானவில்லில் கதிர் இருமுறை முறிந்து ஒருமுறை உள்ளே எதிரொளிப்பதை நிறுவினார். ஜெர்மானியத் துறவி தியோடரிக்கும் ஏறத்தாழ அதே காலத்தில், இவரை அறியாமலே, அம்முடிவை எட்டினார். எனினும் நிறங்கள் தோன்றும் காரணத்தை ஃபாரிஸீயும் ஒளியும் இருளும் கலப்பதிலேயே தேடினார். 'தன்கீஹ்' 1928 - 1930 ஆண்டுகளில் நம் நாட்டிலேயே, ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யாவில் அச்சேறியது. அதை விரித்துப் பாராமலே அதன் பெயரால் பெருமை பேசுவது எளிது. நியூட்டனுக்கு உரியதை நியூட்டனிடமே விட்டுவிடலாம். இப்னுல் ஹைஸமுக்கு உரியது வேறிடத்தில் உள்ளது: இயற்பியல் வகுப்பில் தேடப்படும் அவர் இருக்க வேண்டியது ஓவிய வகுப்பில்.

நிறங்களை வரிசைப்படுத்துவதிலும் நம் முன்னோரின் சிந்தனை வட்டத்துக்குள் அடங்கவில்லை. வெள்ளையிலிருந்து கறுப்புக்குச் செல்ல ஒரே பாதையில் எல்லா நிறங்களையும் நிறுத்துவது அரிஸ்டாட்டில் மரபு. இப்னு ஸீனா அதை மறுத்து, சாம்பல் வழியாகவும், சிவப்பு வழியாகவும், பச்சை வழியாகவும் தனித்தனிப் பாதைகள் உண்டென்றார். நஸீருத்தீன் அத்தூஸீ (1201 - 1274) அப்பாதைகளை மேலும் பெருக்கினார். நிறவகை வேறு, வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வு வேறு என்னும் தெளிவு இதில் இருக்கிறது. 1905இல் அமெரிக்க ஓவிய ஆசிரியர் மன்ஸெல், நிறவகை, ஒளிர்வு, செறிவு என மூன்று அளவைகளை வகுத்தபோது, பன்னிரண்டு நிறச் சக்கரத்தால் காட்டவியலாத ஒன்றையே காட்டினார்.

மூன்றாவதான செறிவை அறிய அரபு மாணவனுக்கு அகராதியே போதும். அரபியில் ஒவ்வொரு நிறத்தின் மிகுதிக்கும் அதற்கே உரிய அடைமொழி உண்டு. மஞ்சளுக்கு 'ஃபாகிஃ', சிவப்புக்கு 'கானிஃ', கறுப்புக்கு 'ஹாலிக்', வெள்ளைக்கு 'நாஸிஃ', பச்சைக்கு 'நாளிர்'. ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்கு இடுவது பிழை. நைஸாபூர் அறிஞர் ஸஆலிபீ தம் 'ஃபிக்ஹுல் லுகா'வில் நிறங்களுக்கெனத் தனி இயல் வகுத்துள்ளார். தமிழும் இதில் குறைந்ததன்று: கன்னங்கரேல், செக்கச்செவேல், பச்சைப்பசேல், வெள்ளைவெளேர். இவற்றை மாற்றிப் பொருத்திப் பாருங்கள். செவி உடனே மறுக்கும். இம்மொழி வளத்தை அருகில் வைத்துக்கொண்டு 'டார்க்', 'லைட்' என்ற இரு சொற்களோடு நம் மாணவன் நின்றுவிடுவது வருத்தத்துக்குரியது.

இராக்கின் வண்டல் நிலத்தை அரபியர் 'ஸவாத்', அதாவது கருமை, என்றழைத்தனர். வெளிறிய பாலைவனத்திலிருந்து வருபவனின் கண்ணுக்கு ஈச்சந்தோப்பும் பயிரும் செறிந்த பசுமை கறுப்பாகத் தோன்றியதே அப்பெயருக்குக் காரணமென மொழியறிஞர் கூறுவர். அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 64ஆம் வசனத்தில் சுவனத் தோட்டங்களைக் குறிக்கும் 'முத்ஹாம்மதான்' என்ற சொல்லுக்கும், கருமையை எட்டுமளவு அடர்ந்த பசுமை என்றே விரிவுரையாளர் பொருள் தருகின்றனர். இப்னுல் ஹைஸம் சாயப் புள்ளிகளில் சோதித்ததை மொழி தன் ஒரு சொல்லில் சேமித்து வைத்திருந்தது.

கைவினைஞரும் இதை அறிந்திருந்தனர். 'ஹஃப்த் ரங்' எனப்படும் எழுநிற ஓட்டு வேலையில், வெவ்வேறு நிற மெருகுகள் சூளையில் உருகி ஒன்றோடொன்று ஓடிக் கலவாதிருக்க, அவற்றின் நடுவே மாங்கனீசும் கொழுப்பும் சேர்ந்த கோட்டை இழுப்பர். கொழுப்பு எரிந்து மெலிந்த கருங்கோடு எஞ்சும். சூளைக்காக இட்ட அக்கோடு, அண்டை நிறங்கள் பார்வையிலும் ஒன்றையொன்று கெடுக்காதவாறு தடுக்கிறது. 1611இல் கட்டத் தொடங்கிய இஸ்ஃபஹான் ஷாஹ் பள்ளிவாசலில் பெரும்பரப்புகள் இம்முறையிலானவை. அதே மைதானத்தின் கிழக்கிலுள்ள, 1619இல் நிறைவுற்ற ஷெய்க் லுத்ஃபுல்லாஹ் பள்ளிவாசலில், தனித்தனியே சுட்ட ஒருநிற ஓடுகளை வெட்டிப் பொருத்திய வேலை மிகுதி. ஒவ்வொரு நிறமும் தனக்கேற்ற வெப்பத்தில் சுடப்படுவதால் அதன் நீலம் ஆழ்ந்தது. எல்லா நிறங்களையும் ஒரே வெப்பத்தில் சுடும் எழுநிற வேலை விரைவும் சிக்கனமும் உடையது. நிறத்தில் ஒரு படி தாழ்ந்தது என்பதே எம் கருத்து. லுத்ஃபுல்லாஹ் குவிமாடத்தின் வெளிப்புறமோ மெருகிடாத வெளிர்மண்நிறச் செங்கலைப் பின்னணியாகக் கொண்டு, அதன்மேல் கறுப்பும் வெள்ளையும் நீலமுமான மெருகிட்ட கொடிகளை ஓடவிடுகிறது. அக்குவிமாடத்தின் நல்ல படமொன்றைச் சுவரில் மாட்டி, பின்னணியின் மண்நிறத்தை மட்டும் வெள்ளையாகவும் பின் கறுப்பாகவும் மாற்றித் தீட்டுமாறு முதலாண்டு மாணவரிடம் சொல்லிப் பார்க்கலாம். கொடியின் நீலத்தை ஒருவரும் தொடக் கூடாது.