கம்பி எழுதும் வடு

1923-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தில் டோக்கியோ நகரம் சிதைந்தபின், நல்ல நீரும் தூய காற்றும் நாடி வடக்கே சென்ற தோட்டக்கலைஞர்கள் 1925-இல் நிறுவிய ஓமியா போன்சாய் கிராமத்திலே, சிறு தொட்டிக்குள் முதுமையின் கம்பீரத்தோடு நிற்கும் பைன் மரத்தைக் கண்டு வியக்கும் நாம், அதன் கிளைகளை வளைத்த தாமிரக் கம்பியை நினைப்பதில்லை.

நெருப்பிலிட்டு மிருதுவாக்கிய அக்கம்பியைச் சுமார் 45 பாகைச் சாய்வில் சுற்றி, விரும்பிய திசைக்கு மெல்ல வளைத்துவிட்டால், கிளை நாளடைவில் அந்த ரூபத்தையே தன் சுபாவமாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால், கிளை பருக்கும் பருவத்தில் காப்பவனுடைய கண் சில வாரங்கள் அயர்ந்துவிட்டாலோ, கம்பி பட்டைக்குள் புதைந்து, திருகாணிப் புரியைப் போன்றதொரு வடுவைப் பதித்துவிடுகிறது. பைனின் சொரசொரப்பான பட்டை அதை ஆண்டுகள் செல்லச் செல்ல மறைத்துக்கொள்ளும். மேப்பிளின் வழவழப்பான மேனியோ நெடுங்காலம் மறப்பதில்லை.

ஆகையால்தான் கைதேர்ந்தவன் வடு விழுமுன்பே, கம்பி வீணானாலும் மொட்டொன்றும் முறியலாகாது என்று, கம்பியைப் பிரித்தெடுக்காமல் சுற்றுச் சுற்றாக வெட்டி எடுக்கிறான். கட்டிய கையின் சுவடே தெரியாத ஒரு கிளையைக் காணும்போது, அதன் வளைவைக் காட்டிலும், தக்க தருணத்தில் அதை விடுவித்த அந்த விழிப்பையே என் மனம் அதிகமாக ரசிக்கிறது.