நகரும் மணலைப் பார்க்கும் கண்கள்

செவ்வாயின் நிலி பட்டேராவில் கருமணல் குன்றுகள் பிறை பிறையாகக் கிடக்கின்றன. முதுகெங்கும் நெருக்கமான சிற்றலை வரிகள். சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்கலத்தின் ஹைரைஸ் கேமராவுக்கு அந்த வரிகளும் தப்புவதில்லை.

ஆனால் படம் பிடிப்பதைவிட, பிடித்த படங்களைப் பொருத்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது. வெயிலின் கோணம் சற்று மாறினாலும் நிழல் விலகும்; மணலே நகர்ந்ததுபோல் கண்ணை ஏமாற்றும். அதனால் ஒளி ஏறக்குறைய ஒத்துப்போகும் படத்துக்காக ஆய்வாளர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். மேடுபள்ளத்துக்கேற்பத் திருத்தி, அசையாத பாறைகளை ஆதாரமாக வைத்து, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். பிறகு, பூகம்பத்தில் நிலம் விலகுவதை அளக்க உருவான மென்பொருள் வரி வரியாக ஒப்பிடுகிறது. என்ன நுட்பம்! பூமியின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத செவ்வாயின் மெல்லிய காற்று, அண்டார்டிகாவின் விக்டோரியா பள்ளத்தாக்குக் குன்றுகளுக்கு இணையாக மணலை நகர்த்துகிறது என்று 2012இல் தெரியவந்தது இப்படித்தான்.