14-க்கு 9

அஞ்சலட்டையின் அளவு 14 சென்டிமீட்டருக்கு 9. உள்ளங்கையில் அடங்கிவிடும். இந்தியாவில் 1879-இல் வந்தது. திருவையாற்றிலிருந்து தாத்தா அதில்தான் எழுதுவார்: ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நட்டாயிற்று, பசு கன்று போட்டது. இடம் தீர்ந்ததும் அட்டையைத் திருப்பி, ஓரத்தில் நெடுக்காக நுணுக்கி ஒரு வரி. பாட்டியின் மூட்டுவலி அங்கேதான் இருக்கும். நாங்கள் முதலில் படிப்பதும் அந்த ஓரத்தைத்தான்.

தபால் பெட்டி எண் இன்னொரு அழகு. அஞ்சலகத்திலேயே வாடகைக்கு எடுக்கும் சின்னப் பெட்டி. தெருப்பெயரும் கதவிலக்கமும் வேண்டாம், எண்ணும் ஊரும் போதும். தபால்காரர் வீடு தேடி வரமாட்டார். நாமே போய்ச் சாவி போட்டுத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காத்திருப்பும் நடையும் கடிதத்தோடு சேர்ந்த சுகம்.

அட்டையில் முகவரிக்குக் கீழே ஆறு கட்டங்கள். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த பின்கோடுக்கானவை. தஞ்சாவூருக்கு 613001. தாத்தா ஒவ்வொரு எண்ணையும் கோட்டில் படாமல் கட்டத்தின் நடுவில் நிறுத்துவார். நாற்றுக்கு இடைவெளி விட்டுப் பழகிய கை அது.