கோல் அடிக்காத முன்கள வீரன்

ஹொக்கியில் கோல் அடிப்பவனை ரசிப்பதற்கு விசேஷப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. பந்து பலகையில் மோதும் ஓசையே நம்மை எழுந்து நிற்கச் செய்துவிடும். முன்கள வீரன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு, தொடர் முழுவதும் ஒன்றிரண்டு கோல்களோடு திருப்தியடைந்து, ஆயினும் தான் களத்தில் உள்ளவரை எதிரணிக் காவலர் எவரையும் நிம்மதியாகத் தலைநிமிர்ந்து பந்தைத் தள்ளவிடாத ஒருவனை ரசிப்பதற்குத்தான் கண் பழக வேண்டும். அத்தகையவனை ஓர் அணி விலைகொடுத்து வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே என் அபிப்பிராயம். விலையைப் பற்றி மட்டும் சில ஆட்சேபங்கள் உண்டு.

பந்து வைத்திருக்கும் காவலனை நோக்கி நேராகப் பாய்பவன் கற்றுக்குட்டி. தேர்ந்தவனோ சற்றே வளைந்து ஓடி, மட்டையைத் தரையோடு தாழ்த்தி, நடுக்களத்துக்குச் செல்லும் வழியை அடைத்து, எல்லைக்கோட்டின் பக்கம் மட்டும் ஒரு வழியைத் திறந்துவைக்கிறான். அந்த வழியைத் தானே கண்டுபிடித்ததாக எண்ணிக் காவலன் அங்கே பந்தைச் செலுத்தும்போது, இவனுடைய தோழன் அங்கே முன்னரே காத்து நிற்கிறான். பந்தைப் பறித்தவன் பெயர் புகழ் பெறுகிறது. பறிக்கும்படி செய்தவன் மூச்சிரைக்க மாற்றாட்டக்காரனுக்கு இடம்விட்டு ஓரத்தில் போய் அமர்கிறான். வட்டத்துக்குள்ளும் அவனுக்கு ஒரு தனி வித்தை உண்டு: கோலைப் பார்த்து அடிக்க இடமில்லாத நெருக்கத்தில், காவலனின் பாதத்தில் பந்தைப் படச்செய்து, பெனல்டி கோர்னர் ஒன்றைச் சம்பாதித்துவிடுவது. பார்ப்பதற்கு இதில் லாவண்யம் ஒன்றுமில்லை. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த 15 கோல்களில் பத்து, பெனல்டி கோர்னர் அடிக்கும் பின்காவலரான ஹர்மன்ப்ரீத் சிங்கின் மட்டையிலிருந்தே வந்தன என்பதையும், வெண்கலப் பதக்கத்துக்காக ஸ்பெயினை 2–1 என வென்ற ஆட்டத்தின் இரு கோல்களும் அவருடையவையே என்பதையும் நினைத்துப் பார்த்தால், கோர்னரைச் சம்பாதித்துக் கொடுப்பவர்களின் மதிப்பு விளங்கும்.

ஏழாண்டு இடைவெளிக்குப் பின் ஹொக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்குவதற்காக 2024 ஒக்டோபரில் நடந்த ஏலத்தில், ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் செலவின் உச்சவரம்பு நாலு கோடி ரூபாய். தமிழ்நாடு டிராகன்ஸ் அணி நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 இலட்சமும், அமித் ரோகிதாஸுக்கு 48 இலட்சமும் கொடுத்தது. இருவரும் பின்காவலர், இருவரும் பெனல்டி கோர்னரில் ட்ராக் ஃப்ளிக் அடிக்க வல்லவர். கையிருப்பில் கால் பங்குக்குமேல் இவ்விருவருக்கே போயிற்று. அதைக் குறைசொல்ல மாட்டேன். எனினும் கண்டக்குழிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: மடி கரையேறியதும் எல்லோரும் மீனைச் சூழ்ந்துகொள்கிறார்களேயொழிய, இரு புறத்துக் கயிறும் ஒன்றையொன்று முந்தாமல் மணலில் குதிகாலை ஊன்றி இழுத்தவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவர்களில் ஒரு பக்கத்தார் தளர்ந்திருந்தால் மடியில் மீனே இராது. இதே லீக்கில் 2016ஆம் ஆண்டு களக்கோல் ஒன்றை இரண்டாகக் கணக்கிட்டு முன்கள வீரர்களை உயர்த்தப் பார்த்தார்கள். அந்தச் சலுகையும் அடித்தவனுக்கே சேர்ந்தது; நான் சொல்லும் மனிதனுக்கு அரை மதிப்பெண்கூட வரவில்லை.

அவனுக்கென்றே ஒரு பரிசை ஏற்படுத்திய பெருமை வட அமெரிக்க ஐஸ் ஹொக்கிக்கு உரியது. தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி விருது 1978இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதையும் தொடர்ந்து வந்த மூன்றாண்டு விருதுகளையும் மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் பாப் கெய்னியே பெற்றார். அவர் ஆடிய காலத்தில் அவ்வணி ஐந்து ஸ்டான்லி கிண்ணங்களை வென்றது. ஆனால் கெய்னி எங்கிருந்தும் பண்டமாற்றாக வந்தவரல்லர், அவ்வணியே இளைஞராகத் தெரிவுசெய்து வளர்த்தவர். இதற்கு மாறாக, நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி, 2021 ஏப்ரலில் அந்த ஆண்டுக்கான இளம் வீரர் முதற்சுற்றுத் தெரிவுரிமையையே விட்டுக்கொடுத்து, கொலம்பஸ் அணியின் தலைவராயிருந்த நிக் ஃபொலினோவை வரவழைத்தது. வழக்கமான பருவத்தில் அவர் அங்கே ஏழு ஆட்டங்கள் ஆடினார், கோல் இல்லை. பின்னர் கிண்ணத்துக்கான போட்டியில், மொன்றியலுக்கு எதிரான முதற்சுற்றில் 3–1 என முன்னிலை பெற்றிருந்த அணி ஏழாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறிற்று. காயத்தோடு ஆடியவரைக் குற்றம் சொல்வது நியாயமன்று. கொடுத்த விலைதான் அதிகம்.

டிராகன்ஸ் அணியின் ஏல மேசையில் எனக்கு ஓரிடம் கிடைக்குமானால், வருகிறவன் எத்தனை கோல் அடித்தான் என்று கேட்க மாட்டேன். கடைசிப் பதினைந்து நிமிடங்களில் எத்தனை கோர்னர் சம்பாதித்தான், முரட்டுத்தனத்தால் எத்தனை மஞ்சள் அட்டை வாங்கினான் என்ற இரண்டை மட்டும் விசாரிப்பேன். ஐந்து நிமிடமேனும் தன் அணியைப் பத்துப் பேராக்குகிறவனுடைய வீரம் நமக்கு வேண்டாம். இரண்டு விடையும் சரியாக இருந்தால் பத்து இலட்சத்தில் கையை உயர்த்துவேன், இருபதைத் தாண்டினால் தாழ்த்திவிடுவேன்.