செங்கல் அடுக்கிய கைகள்

‘ரோபோ’ என்னும் சொல் ஒரு நாடகத்தின் வழியே உலகிற்கு வந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ என்பதே அந்நாடகம். கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரொபோட்டா’ என்னும் செக் சொல்லிலிருந்து இப்பெயரை எடுத்துத் தந்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப்.

எந்திர மனிதர் மனிதகுலத்தை அழிக்கும் கதையென்றே இதனைப் பலரும் நினைவுகூர்வர். ஆனால், கலகம் மூளுமுன்னரே இந்நாடகத்தில் மனிதன் வீழ்ந்துவிடுகிறான் என்பதே நம் கருத்து. ஆலை இயக்குநன் டோமின் கொடியவனல்லன். மனிதனை உழைப்பின் தளையிலிருந்து விடுவிக்கவே விழைகிறான். விடுதலையும் வருகிறது. எனினும், செய்வதற்கு ஏதுமற்றுப்போன மாந்தரிடையே குழந்தைகள் பிறப்பது நின்றுவிடுகிறது.

இறுதியில் ரோபோக்கள் ஒருவரை மட்டுமே உயிரோடு விடுகின்றன. அவர் கட்டடப் பொறுப்பாளர் அல்குவிஸ்ட். மனம் கலங்கும்போதெல்லாம் சாரமேறிச் செங்கல் அடுக்கியவர். தங்களைப் போலவே கைகளால் உழைப்பவர் என்பதனாலேயே அவை அவரைக் கொல்லவில்லை.

பாத்திரங்கள் சில வெறும் கருத்துகளாகவே நின்றுவிடுவது நாடகத்தின் குறை. ஒருவருக்காக ஒருவர் உயிர்தர முன்வரும் இரு ரோபோக்களை ஆதாம் ஏவாளென அல்குவிஸ்ட் வாழ்த்தியனுப்பும் முடிவு அக்குறையை மறக்கச் செய்கிறது.

இன்று கைவேலையோடு எழுத்தையும் கணக்கையும் பொறிகள் ஏற்கத் தொடங்கியுள்ளன. எத்தனை பேருக்கு வேலை போகும் என்றே நாம் கணக்கிடுகிறோம். ஊதியம் இழந்தவருக்கு உதவித்தொகை அளித்துவிடலாம். ‘நீர் எங்களுக்குத் தேவை’ என்னும் உறுதியை எவ்வாறு அளிப்போம்? அதற்கு விடை தேடவே சாப்பெக்கை நாம் மீண்டும் படிக்க வேண்டும்.