கும்மியால் களைப்பு தீருமா?

கொங்குப் பகுதியில் வள்ளி கும்மி மறுபடி தழைத்திருக்கிறது. கோவை, ஈரோடு, திருப்பூர் ஊர்ப்பக்கங்களில் பொழுது சாய்ந்ததும் கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ ஆசிரியர் நடுவில் நின்று பாட, சுற்றி வந்து ஆடப் பழகுகிறார்கள். பாட்டு முருகன் வள்ளியை மணந்த கதை. ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடிவந்த ஒயில் கும்மி இது. பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று பயிற்சித் திடல்களில் பெண்கள் கூட்டம்தான் பெரிது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு எதற்கு இங்கே வருகிறார்கள் என்று விசாரித்தால், பக்தியைச் சொல்பவர்களும் உண்டு, “ஆடுனா மனசு லேசாகுதுங்க” என்பவர்களும் உண்டு. அந்த இரண்டாவது பதிலைத்தான் இங்கே எடை போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

மனசு லேசாவதற்குக் காரணம் இருக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை முன்னால் நின்றபடி, தலையைக் குனிந்து, துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். கழுத்தும் தோளும் ஒரே வாக்கில் இறுகிவிடும், கால் கனத்துப்போகும். கும்மியில் நடப்பது இதற்கு நேர் எதிர். குனிந்து தட்டிய கை நிமிரும்போது மேலே உயர்கிறது, இடுப்பு திரும்புகிறது, நாளெல்லாம் நின்ற கால் நகர்கிறது. முதலில் நிதானமாகத் தொடங்கி, உடம்பு சூடேறிய பிறகுதான் தாளம் வேகமெடுக்கும். அடி தப்பினால் பக்கத்தில் ஆடுபவர் மேல் மோதிவிடுவோம். அதனால் குழுக்கடன் தவணையும் பிள்ளையின் பரீட்சையும் அந்த நேரத்தில் தலைக்குள் வர வழியில்லை.

சேர்ந்து ஆடுவதற்கென்று தனிப் பலனும் உண்டு. பிரேசில் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. எல்லோரும் ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடியபோது வலி தாங்கும் அளவு கூடியது, உடன் ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியது. உடற்பயிற்சியையும் மனச்சோர்வு நோயையும் பற்றிய 218 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரையில், நடனம் பெரிய பலன் காட்டியவற்றுள் ஒன்று. ஆனால் நடனத்தைச் சோதித்த ஆய்வுகள் கொஞ்சம், அவற்றில் கலந்துகொண்டவர்களும் கொஞ்சம். அந்த முடிவை உறுதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. தவிர, அது மனச்சோர்வு பற்றியது. வேலையால் ஆள் தேய்ந்துபோகும் பணிச்சோர்வு (பர்ன்-அவுட்) வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஆடினால் பர்ன்-அவுட் வராது என்று சொல்லி ஆள் சேர்க்கும் எந்த வகுப்பையும், அது ஜும்பாவோ கும்மியோ, என்னால் ஏற்க முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தாமல், சமாளிக்கப்படாத நாட்பட்ட வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்று வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, வேலைத்திறன் குறைந்துபோவது என்று அதற்கு மூன்று கூறுகள். கும்மி முதலாவதைத் தொடுகிறது, அதுவும் அன்றைய அளவுக்கு. மற்ற இரண்டும் டார்கெட்டிலும் சூப்பர்வைசர் பேசும் பேச்சிலும் கூலியிலும் வேர்விட்டவை. திடலில் எவ்வளவு நேரம் ஆடினாலும் அந்த வேர் அசையாது.

அந்த வரையறையிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தொழில் செய்யும் இடத்து அழுத்தத்தை மட்டுமே அது கணக்கில் எடுக்கிறது, வீட்டு வேலையை எடுப்பதில்லை. இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். ஏழு மணிப் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால், வேலை விட்டு வந்த கையோடு ராத்திரிச் சாப்பாட்டை முடித்து மூடி வைத்திருக்க வேண்டும். திரும்பி வந்தால் பாத்திரம் தொட்டியில் கிடக்கும், மறுநாள் யூனிஃபார்ம் துவைக்காமல் இருக்கும். ஆடிய அந்த நேரம் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் தூக்கத்திலிருந்து கழிகிறது. தூக்கத்தைக் கொடுத்து வாங்கும் உற்சாகம் எத்தனை மாதம் தாங்கும்?

சுமையை அப்படியே விட்டுவிடும் இந்தக் கோளாறு அலுவலகங்கள் நடத்தும் ‘வெல்னஸ்’ வகுப்புகளிலும் உண்டு. பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் பதில்களை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் எழுதிய கட்டுரையில், மன அழுத்தப் பயிற்சி, மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்), செயலிகள் போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட மேலான நிலையில் இல்லை. வேலைச்சுமையைக் குறைக்காமல், சுமப்பவரை மட்டும் பழக்கிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். அந்த வகுப்புகளைவிடக் கும்மிக்கு ஒரு படி அதிக மதிப்பு தருவேன். கம்பெனிக்குள் நடக்காததால், அங்கே ஆடுபவரின் உற்பத்தியை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஆனால் கும்மிக்குள்ளேயே வேறு நெருக்கடிகள் முளைத்திருக்கின்றன. அரங்கேற்றம் நெருங்கினால் பயிற்சி நீள்கிறது, ஒரே நிறச் சேலைக்குப் பணம் புரட்ட வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்களை ஒரே மைதானத்தில் நிறுத்திச் சாதனை படைக்கும் ஆர்வமும் வந்துவிட்டது. முட்டி வலிக்கிறது, இன்றைக்கு முடியவில்லை என்று ஒதுங்கி உட்கார அப்போது வாய்ப்பு குறைகிறது. மென்மையாக இருக்க வேண்டிய அசைவு இன்னொரு டார்கெட் ஆகிவிடுகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது சாதி. கும்மி மேடையில் பெண்களைச் சொந்தச் சாதியிலேயே திருமணம் செய்வோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தது பெரிய சர்ச்சையானது. பெண்கள் உடம்பை இலகுவாக்க வந்த இடத்தில், உறுதிமொழி எடுக்க வைப்பவர்கள் அவர்களுடைய வாழ்க்கைக்கே கட்டுப்போடுகிறார்கள். யார் கையைத் தட்டலாம், யார் தட்டக்கூடாது என்று வகுக்கும் வட்டம் எந்தப் பெண்ணின் களைப்பையும் தீர்க்காது. எல்லாத் தெருப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஆடும் குழுவைத்தான் நான் ஆதரிப்பேன்.

இத்தனை குறை இருந்தும் கும்மியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே, யாருக்கும் எதுவும் செய்து கொடுக்கத் தேவையில்லாத நேரம் இந்தப் பெண்களுக்கு வேறு எங்கே கிடைக்கிறது? அந்த நேரத்துக்கான விலையை அவர்களே கொடுக்கும் ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும். பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். அரங்கேற்றத்தில் ஆடுவதை விருப்பமுள்ளவர்களுக்கு விட்டுவிடலாம். கும்மி ஆசிரியர் சொன்னால் ஊரில் தட்ட மாட்டார்கள். ஆள் சேர்க்கும் அன்றைக்கே வீட்டு ஆண்களையும் திடலுக்கு வரவழைத்து, பயிற்சி நாளில் சமையலும் பாத்திரமும் அவர்கள் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் அவர் சொல்லிவிட வேண்டும்.